செவிசாய்க்கும் பக்கம்

ஏவியதை ஏவியபடி செய்து முடிப்பது ஒருவகைத் தொண்டு. ஏவுவோர் வரும் வரையில் காத்திருந்து, வந்தவர் யாவராயினும் அவர் கருத்தறிந்து செய்வது மற்றொரு வகைத் தொண்டு. முன்னதினும் பின்னது அரிது. கணிப்பொறியின் வரலாற்றிலும் இவ்விரு நிலைகளைக் காணலாம். தொடக்கக் காலக் கணிப்பொறிகள் முதல் வகைத் தொண்டையே பெரும்பாலும் செய்தன. இன்று திரையில் தோன்றும் இணையப் பக்கங்களோ இரண்டாம் வகைத் தொண்டைச் செய்கின்றன. பொத்தானைத் தொட்ட அளவில் பக்கம் விடை தருகிறது. பட்டியலில் ஒன்றைத் தேர்ந்த அளவில் அதன் விவரம் விரிகிறது. இவ்விடைகள் தாமே பிறப்பன அல்ல. பயனர் எவற்றைச் செய்யக்கூடும் என்று முன்னரே எண்ணி, ஒவ்வொன்றுக்கும் உரிய விடையை எழுதி வைத்தவர் ஒருவர் உளர். அவரே நிரலர்.

1950-களில் கணிப்பொறியிடம் வேலை பெற விரும்பியவர், தம் கட்டளைகளை அட்டைகளில் துளைகளாகப் பொறித்து, அவ்வட்டைக் கட்டினை ஒப்படைத்துவிட்டுக் காத்திருத்தல் பெருவழக்காக இருந்தது. பொறி முதற்கட்டளையில் தொடங்கி இறுதிக் கட்டளையில் முடிக்கும். இடையில் மனிதன் புகுந்து ஒன்றைச் சொல்ல வழியில்லை. இந்நிலையை மாற்ற முயன்ற அறிஞர்களுள் அமெரிக்க நாட்டு டக்ளஸ் எங்கல்பார்ட் குறிப்பிடத்தக்கவர். அவருடைய கருத்தின்படி பில் இங்கிலீஷ் என்னும் பொறியாளர் 1964-ஆம் ஆண்டில் முதற்சுட்டியைச் செய்தார். அது மரத்தாலான சிறு பெட்டி. அடியில் இரண்டு சக்கரங்களும் மேலே ஒரு பொத்தானும் கொண்டது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். கை அசையத் திரையில் குறி அசைந்ததைக் கூடியிருந்தோர் கண்டனர். மனிதன் பொறிக்காகக் காத்திருந்த காலம் போய், பொறி மனிதனுக்காகக் காத்திருக்கும் காலம் வருவதற்கு அந்நிகழ்ச்சி ஓர் அறிகுறியாயிற்று.

1989-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ வையவலையைப் பற்றிய தம் திட்டத்தை எழுதினார். அவ்வலையில் முதலில் தோன்றிய பக்கங்கள் பெரும்பாலும் படிப்பதற்கு உரியனவாகவே இருந்தன. இணைப்பைச் சொடுக்கினால் வேறொரு பக்கம் வரும்; அதற்கு மேல் பக்கத்தோடு உரையாட இயலாது. 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஒரு நிரல்மொழியின் முதல் வடிவத்தை ஆக்கினார். அதுவே பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் எனப் பெயர் பெற்றது. அம்மொழி வந்த பின்னர், பக்கம் பயனரின் செயலுக்குச் செவிசாய்க்கத் தொடங்கியது.

செவிசாய்த்தல் என்பது எங்ஙனம் நிகழ்கிறது? திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டிய கதையைத் தமிழ் மக்கள் அறிவர். மணி எப்பொழுது ஒலிக்கும் என்பது அரசனுக்குத் தெரியாது. யார் அசைப்பார் என்பதும் தெரியாது. ஆயினும், ஒலித்தால் செய்ய வேண்டுவது இன்னது என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது. இணையப் பக்கத்தின் அமைப்பும் இதனை ஒத்ததே. இதில் மூன்று கூறுகள் உள்ளன. மணியைப் போன்றது பக்கத்தில் உள்ள பொத்தான், பெட்டி முதலிய உறுப்பு. மணியின் ஒலியைப் போன்றது ஈவென்ட் எனப்படும் நிகழ்வு. ஒலி கேட்டபின் செய்யும் செயலைப் போன்றது ஃபங்ஷன் எனப்படும் செயற்கூறு. எந்த உறுப்பில், எந்த நிகழ்வு தோன்றினால், எந்தச் செயற்கூறு இயங்க வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லி வைப்பதே நிரலரின் முதற்பணி.

பள்ளி நூலகத்திற்கு ஒரு பக்கம் அமைக்க மாணவி ஒருத்தி முற்படுகிறாள் என்று கொள்வோம். அப்பக்கத்தில் உறுப்பினர் பெயரை எழுதுவதற்கு ஒரு பெட்டி உண்டு. நூறு நூல்களின் பட்டியல் உண்டு. ‘பதிவு செய்’ என்னும் பொத்தானும் உண்டு. பொத்தானை அழுத்தினால் நூல் பதிவாதல் வேண்டும். அதற்கு அவள் பொத்தானைக் குறித்து, ‘ஆட்ஈவென்ட்லிசனர்’ என்னும் கட்டளையை எழுதுவாள். அக்கட்டளைக்கு இரண்டு செய்திகள் தரப்படும். ஒன்று, ‘கிளிக்’ என்னும் நிகழ்வின் பெயர். மற்றொன்று, நூலைப் பதிவு செய்யும் செயற்கூற்றின் பெயர். இவ்வளவே போதும். பக்கம் அக்கணம் முதல் காத்திருக்கும்.

இவ்விடத்தில் புதிதாகப் பயில்வோர்க்கு இரண்டு இடர்கள் நேர்வதுண்டு. செயற்கூற்றின் பெயரை மட்டும் தர வேண்டிய இடத்தில், பெயரை அடுத்துப் பிறை அடைப்புக் குறியையும் இட்டுவிடுவர். பெயர் மட்டும் இருந்தால், ‘வேண்டும்போது இதனைச் செய்க’ என்பது பொருள். அடைப்புக் குறியும் சேர்ந்தால், ‘இப்பொழுதே செய்க’ என்று பொருள் மாறிவிடும். பொத்தானை எவரும் தொடுவதற்கு முன்பே செயல் நடந்து முடியும். பின்னர் எத்தனை முறை தொட்டாலும் பயன் இராது. கடிதத்தை ஒருவரிடம் ஒப்படைத்து வைத்தலுக்கும், அதனை அப்பொழுதே உரக்கப் படித்துவிடுதலுக்கும் உள்ள வேறுபாடு இது. மற்றோர் இடர், பொத்தான் பக்கத்தில் தோன்றுவதற்கு முன்னரே அதனைத் தேடுதல். கட்டாத மணிக்குக் காவல் வைத்தல் இயலுமோ? பக்கத்தின் உறுப்புகள் யாவும் அமைந்து முடிந்த பின்னரே நிரல் அவற்றைத் தேட வேண்டும்.

நிகழ்வு தோன்றியதும் உலாவி அதனைப் பற்றிய குறிப்பொன்றைச் செயற்கூற்றிடம் தருகிறது. எவ்வகை நிகழ்வு, எவ்வுறுப்பில் தோன்றியது, சுட்டி திரையில் எங்கே இருந்தது, எந்த விசை அழுத்தப்பட்டது என்பன போன்ற செய்திகள் அதில் அடங்கும். ஒரே சொடுக்கு என்று கண்ணுக்குத் தோன்றுவது உண்மையில் மூன்று நிகழ்வுகளின் கோவை. சுட்டியின் பொத்தான் அழுந்தும்போது ஒன்று, விடுபடும்போது ஒன்று, அழுந்தியதும் விடுபட்டதும் ஒரே உறுப்பின்மீது நிகழ்ந்திருப்பின் இறுதியாகக் ‘கிளிக்’ நிகழ்வு. இம்முறையில் ஒரு நன்மை உண்டு. தவறான பொத்தானை அழுத்திவிட்டதாக உணர்பவர், விரலை எடுக்காமலேயே சுட்டியை வேறிடத்திற்கு நகர்த்தி விடுவித்தால் செயல் நிகழாது. நினைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள ஒரு நொடி இடம் கிடைக்கிறது. கை நடுக்கமுடைய முதியவர்க்கு அந்த ஒரு நொடி பேருதவி. விரைவு கருதி, அழுந்திய உடனேயே செயலை நிகழ்த்தும்படி எழுதும் நிரலர் அவ்வுதவியைப் பறித்தவராவார்.

நிகழ்வு தோன்றிய இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. அது பயணம் செய்கிறது. பக்கத்தின் உறுப்புகள் ஒன்றனுள் ஒன்றாக அடங்கியவை. பட்டியலுக்குள் வரி, வரிக்குள் பொத்தான் என அவை அமைந்துள்ளன. பொத்தானைச் சொடுக்கியதும் நிகழ்வு முதலில் மேலிருந்து புறப்பட்டு, பட்டியலையும் வரியையும் கடந்து பொத்தானை அடைகிறது. பின்னர் அவ்வழியே மேல்நோக்கித் திரும்புகிறது. ஆணை மேலிருந்து இறங்குவதையும், முறையீடு கீழிருந்து ஏறுவதையும் இதற்கு ஒப்பாகக் கூறலாம். முற்காலத்தில் நெட்ஸ்கேப் உலாவி இறங்கும் வழியையும் மைக்ரோசாஃப்ட் உலாவி ஏறும் வழியையும் கைக்கொண்டன. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் வேறுவகையாக நடந்தது. வையவலைக் கூட்டமைப்பு 2000-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளியிட்ட பொதுநெறி, இறங்கு வழி, ஏறு வழி இரண்டையும் ஏற்று, அவற்றை ஒரே முறைக்குள் அடக்கியது.

இப்பயணத்தை அறிந்தவர் வேலையைச் சுருக்கிக்கொள்வர். நூறு நூல்களுக்கும் நூறு செவிகள் வேண்டுவதில்லை. பட்டியல் முழுவதற்கும் ஒரே செவி வைத்தால் போதும். எந்த நூலின் பொத்தானைத் தொட்டாலும், நிகழ்வு மேலேறிப் பட்டியலை அடையும். எந்நூலிலிருந்து வந்தது என்பதை நிகழ்வுக் குறிப்பே சொல்லிவிடும். நாளை நூலகத்திற்குப் புதிய நூல் வந்து பட்டியலில் சேர்ந்தால், அதற்கெனத் தனியே ஒன்றும் எழுத வேண்டுவதில்லை.

சில நிகழ்வுகளுக்கு உலாவி தானே செய்யும் இயல்பான செயல்கள் உண்டு. இணைப்பைச் சொடுக்கினால் வேறு பக்கத்திற்குச் செல்லும். படிவத்தை அனுப்பினால் அதில் எழுதியவற்றைச் சேர்த்து அனுப்பிப் புதிய பக்கத்தை ஏற்றும். பெயர் எழுதாமல் படிவத்தை அனுப்ப முயல்பவர்க்கு அதனை எடுத்துரைக்க விரும்பும் நிரலர், ‘பிரிவென்ட்டிஃபால்ட்’ என்னும் கட்டளையால் அவ்வியல்பான செயலைத் தடுக்கலாம். தடுத்தவர் அதற்கு ஈடாக ஒன்றைச் செய்தல் கடமை. வாயிலை அடைத்தவர் வேறு வழியையோ, அடைத்த காரணத்தையோ காட்டாவிடின், வந்தவர் என் செய்வார்? மேலும், படிவத்திற்குச் செவி வைக்கும்போது பொத்தானின் சொடுக்கைவிடப் படிவத்தின் ‘சப்மிட்’ நிகழ்வையே கொள்ளுதல் சிறந்தது. பயனர் பொத்தானைச் சொடுக்கி அனுப்பினும், பெட்டியில் எழுதிவிட்டு என்டர் விசையைத் தட்டி அனுப்பினும், அந்நிகழ்வு தவறாது பிறக்கும்.

இதுவரை கூறியவை நிரலின் இலக்கணம். இனிக் கூறுவது அதன் அறம். சோழன் கட்டிய மணியின் பெருமை, அது ஒலித்தது என்பதில் மட்டும் இல்லை. கையில்லாத பசுவும் தன் கொம்பால் அதனை அசைக்க முடிந்தது என்பதில் உள்ளது. எட்டாத உயரத்தில் மணியைக் கட்டியிருந்தால், அரசன் எவ்வளவு செவிசாய்த்தும் பயனென்ன? இணையப் பக்கத்திலும் இவ்வினா எழுகிறது. தொடக்க மாணவர் சிலர், அழகு கருதி, வண்ணம் தீட்டிய வெறும் பெட்டியைப் பொத்தான்போல் ஆக்கி, அதற்குச் சொடுக்கு நிகழ்வை மட்டும் சேர்ப்பர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சுட்டி உடையவர்க்கும் வேறுபாடு தோன்றாது. ஆனால், சுட்டியைப் பிடிக்க இயலாதவர் டேப் விசையைத் தட்டித் தட்டிப் பக்கத்தில் நகர்வார். உண்மைப் பொத்தானில் அவ்விசை நிற்கும். வெறும் பெட்டியில் நில்லாது கடந்து போகும். உண்மைப் பொத்தானில் என்டர் விசையையோ ஸ்பேஸ் விசையையோ தட்டினால் ‘கிளிக்’ நிகழ்வு பிறக்கும். வெறும் பெட்டியில் பிறவாது.

பார்வையற்றோர் திரையில் உள்ளதைக் குரலாக மாற்றித் தரும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் ஒன்றான என்.வி.டி.ஏ. என்பதனை, தாமே பார்வையற்றவராகிய மைக்கேல் கரன் 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஆக்கத் தொடங்கினார். அது விலையின்றிக் கிடைக்கிறது. உண்மைப் பொத்தானை அடைந்தால் அம்மென்பொருள், ‘பதிவு செய், பொத்தான்’ என்று அறிவிக்கும். வெறும் பெட்டியாயின், அங்கே அழுத்தத்தக்கது ஒன்று உண்டு என்பதையே கேட்பவர் அறியார். நூலகம் திறந்திருக்கும், அவர்க்கு மட்டும் அது மூடியிருக்கும். பக்கத்தின் செயல்கள் யாவும் விசைப்பலகையாலும் இயலுதல் வேண்டும் என்பது வையவலைக் கூட்டமைப்பு 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட அணுகுதல் நெறிகளுள் ஒன்று. அந்நெறியைப் பின்பற்றுவதற்குப் பெரும்பாலும் புதிதாக ஒன்றும் எழுத வேண்டுவதில்லை. பொத்தான் வேண்டிய இடத்தில் பொத்தானையே வைத்தால் போதும்.

தமிழில் எழுதுவோர்க்கும் நிரலரின் கவனம் தேவைப்படுகிறது. பெட்டியில் எழுத்து நுழைவதை அறிய, விசை அழுந்தும் நிகழ்வை மட்டும் நம்புதல் தவறு. ஆங்கில விசைகளை ஒலிப்படி தட்டித் தமிழ் எழுத்தைப் பெறும் முறைகளில், பல விசைகள் சேர்ந்து ஓர் எழுத்தாகும். கைப்பேசியில் எந்த விசை என்பதே சிலபோது நிரலுக்குத் தெரிவதில்லை. வாயால் சொல்லி எழுதுவோரும், வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டுவோரும் விசையைத் தொடுவதே இல்லை. ஆதலின், பெட்டியின் உள்ளடக்கம் மாறுந்தோறும் தோன்றும் ‘இன்புட்’ நிகழ்வுக்குச் செவி வைப்பதே நேரிய முறை.

எண்ணிக்கையிலும் இடர் உண்டு. தமிழ்ச்செல்வி என்னும் பெயரில் ஏழு எழுத்துகள் உள்ளன என்று சிறுவரும் எண்ணிக் கூறுவர். யூனிகோடு முறையில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், அப்பெயர் பதின்மூன்று குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. பெயர்ப் பெட்டிக்குப் பன்னிரண்டே அளவு என்று நிரலர் வரையறுத்திருந்தால், ஈற்றிலுள்ள இகரக் குறி நுழையாது நின்றுவிடும். தமிழ்ச்செல்வி, ‘தமிழ்ச்செல்வ’ ஆகிவிடுவாள். பெற்றோர் இட்ட பெயரை ஒரு பெட்டி குறைத்துவிடுகிறது. ஏழு எழுத்துப் பெயர்க்குப் பன்னிரண்டு தாராளம் என்று கணக்கிட்ட நிரலர் தீயவர் அல்லர். பிற மொழி எழுதுவோரை எண்ணிப் பாராதவர், அவ்வளவே. ஆயினும் பெயரை இழந்தவர்க்கு இரண்டும் ஒன்றே.

கருவிகளும் காலத்தோடு மாறுகின்றன. சுட்டி ஓர் உறுப்பின்மீது வந்து நின்றால் விவரம் தோன்றுமாறு அமைத்தல் ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்தது. 2007-ஆம் ஆண்டில் ஐஃபோன் வெளிவந்த பின்னர்த் தொடுதிரைகள் எங்கும் பரவின. விரலோ, தொட்டால் தொட்டது, தொடாவிட்டால் இல்லை. தொடாமல் மேலே நிற்கும் விரலைப் பெரும்பாலான திரைகள் அறியா. ஆதலின், மேலே நின்றால் மட்டும் தோன்றும் செய்தி கைப்பேசியில் படிப்பவர்க்குக் கிட்டாமலே போகும். சுட்டி, விரல், எழுதுகோல் ஆகிய மூன்றையும் ஒரே முறையில் கேட்டறியும் ‘பாயின்டர்’ நிகழ்வுகள் 2015-ஆம் ஆண்டில் பொதுநெறியாயின.

செவிசாய்த்தால் மட்டும் போதாது. காலத்தில் விடை தருதலும் வேண்டும். ஒரு செயலுக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் விடை கிடைப்பின், அது உடனே நிகழ்ந்ததாக மனம் கொள்ளும் என்பது இத்துறை அறிஞர் பலர் ஏற்கும் அளவு. பக்கத்தின் நிரலோ, பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு செயலையே செய்ய வல்லது. ஒரு செயற்கூறு மூன்று நொடிகள் கணக்கிட்டுக்கொண்டிருப்பின், அதுவரை பிற நிகழ்வுகள் யாவும் வரிசையில் நிற்கும். பயனர் தட்டும் எழுத்தும் தோன்றாது. பக்கம் உயிரற்றதுபோல் கிடக்கும். அப்பொழுது அவர் என்ன செய்வார்? பொத்தான் வேலை செய்யவில்லை என்றெண்ணி மீண்டும் அழுத்துவார். முதல் அழுத்தமும் பதிவாகும். இரண்டாம் அழுத்தமும் பதிவாகும். நூலகப் பக்கத்தில் ஒரே நூல் இருமுறை பதிவாகலாம். பணம் செலுத்தும் பக்கமாயின், ஒரே கட்டணம் இருமுறை செல்லலாம். மாதக் கடைசியில் எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்கு அஃது எத்துணைத் துன்பம்!

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. முதல் அழுத்தத்தைக் கேட்ட அளவில் பொத்தானை மேலும் அழுந்தாதவாறு நிறுத்தி, ‘பதிவு நடைபெறுகிறது’ என்று அறிவித்தல் வேண்டும். நீண்ட வேலைகளைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே பிற நிகழ்வுகளுக்கு வழிவிடுதல் வேண்டும். பணி முடிந்தால் முடிந்தது என்றும், தவறினால் தவறியது என்றும் சொல்லி, பயனர் எழுதியவை அழியாமல் காத்தல் வேண்டும். பணம் தொடர்பான பணிகளில், ஒரே வேண்டுகோள் இருமுறை வந்ததா என்று அதனைப் பெறும் கணினியும் ஆராய வேண்டும்.

பக்கம் ஒன்றை எழுதி முடித்த மாணவர், அது தம் கணினியில் தம் கைக்கு இயங்கியது கண்டு மகிழ்வது இயல்பு. அம்மகிழ்ச்சி தேர்வின் முடிவு அன்று, தொடக்கமே. சுட்டியை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் அப்பக்கத்தை ஒருமுறை இயக்கிப் பார்த்தல் நன்று. பின்னர்க் கைப்பேசியில் விரலால் இயக்கிப் பார்த்தல் நன்று. நீண்ட தமிழ்ப்பெயர் ஒன்றைப் பெட்டியில் எழுதிப் பார்த்தலும், பொத்தானை விரைந்து இருமுறை அழுத்திப் பார்த்தலும், கண்ணை மூடிக்கொண்டு குரல் மென்பொருளின் துணையால் பக்கம் முழுவதையும் கடந்து பார்த்தலும் நன்று. இவற்றுக்குக் கால்மணி நேரம் போதும். ஆனால், அக்கால்மணி நேரத்தில் நிரலர் தம் இடத்தை விட்டு எழுந்து, தாம் என்றும் காணாத ஒருவருடைய இடத்தில் அமர்ந்து பார்க்கிறார். அவர் எழுதிய பக்கத்திற்கு வருவோர் எவ்வூரினர், எவ்வயதினர், எக்குறையுடையவர் என்பதை அவர் அறியார். அறியாத அவர்கள் அனைவருக்கும் முன்கூட்டியே விடை எழுதி வைப்பதே அவர் ஏற்ற பணி. அப்பணியைச் செவ்வனே செய்தவரின் பக்கத்தில், தட்டியவர் எவரும் விடையின்றித் திரும்புவதில்லை.